பெட்டி முதலா, இடம் முதலா

தீப்பிடித்துவிட்டது என்ற செய்தியைக்கூட, தீ என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்துச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் தூத்துக்குடி மாவட்டத்திலேயே முதல்ல சார்தான். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே இருந்த யூ.பி.எஸ். ஒருநாள் புகைய ஆரம்பித்தது. அதை முதலில் பார்த்தவர் அவர்தான். நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

“சார், நம்ம ஆபீஸ்ல ஒரு மாடிப்படி இருக்கு.”

“ஆமா, இருக்கு.”

“அதுக்குக் கீழ ஒரு யூ.பி.எஸ். வச்சிருக்கோம். கரண்டு போனா கம்ப்யூட்டர் அணையாம இருக்கதுக்கு.”

“தெரியும் சார். என்ன விஷயம்?”

“வாரேன். அந்த யூ.பி.எஸ்.ஸுக்குள்ள பேட்டரி இருக்கு. பேட்டரின்னா என்னன்னு பாத்தா…”

அதற்குள் புகையே அறைக்குள் வந்து மீதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. எல்லாரும் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்து, மணலை அள்ளிக் கொட்டி முடித்த பிறகு மேனேஜர் மூச்சு வாங்கக் கேட்டார். “ஏன் சார், ‘புகையுது’ன்னு ஒத்த வார்த்தை சொன்னா என்ன?”

“எது புகையுதுன்னு முதல்ல சொல்ல வேண்டாமா?” என்றார் முதல்ல சார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

அவருக்கு வேறு பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் அச்சாகும். மற்றபடி ஆபீஸில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. ஊர் நாசரேத். அப்பா, அம்மா, பெரியப்பா, சித்தி என்று குடும்பம் முழுக்க வாத்தியார்கள். தினமும் பஸ்ஸில் வந்துபோவார். யார் எதைச் சொல்ல வந்தாலும் “முதல்ல அதச் சொல்லு” என்பார். நாம் ஒன்றைச் சொன்னால், அதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது என்பது அவருடைய தீர்மானம்.

இந்த மனிதரால் எங்கள் ஆபீஸில் வம்பு பேசும் பழக்கமே நலிந்துபோனது. ஒருவர் ஆசை ஆசையாக வந்து, “விஷயம் தெரியுமா, செல்வி வீட்டுக்காரர் வேலைய விட்டுட்டாராம்” என்று ஆரம்பிப்பார். முதல்ல சார் தலையைத் தூக்குவார்.

“எந்தச் செல்வி?”

“பழைய அக்கவுண்ட்ஸ் செல்வி சார்.”

“முதல்ல செல்வியச் சொல்லணும்லா. பொறவு அவளுக்குக் கல்யாணம் ஆனதச் சொல்லணும். பொறவு அவரு என்ன வேலை பாத்தாருன்னு. வேலையே இல்லாத ஆளு எப்படி வேலைய விடுவாரு?”

சொல்ல வந்தவர் சலித்துப்போய் டீ குடிக்கப் போய்விடுவார். செல்வியின் மானம் தப்பியது.

பரோட்டாக் கடைக்கு அவரோடு போகவே கூடாது. விலைப்பலகையில் பரோட்டா மேலேயும் சால்னா கீழேயும் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, சப்ளையர் அண்ணாச்சியைக் கூப்பிட்டு வைத்து வகுப்பு எடுத்தார். “சால்னா என்னன்னே சொல்லாம சால்னா ஊத்துன பரோட்டாவ எப்படி மேல எழுதுனீங்க?” அண்ணாச்சி கூட்ட நேரத்தில் நின்று கேட்டுவிட்டு, ஒரு கிண்ணம் நிறைய வெறும் சால்னாவை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். பரோட்டா வரவே இல்லை.

அவர் குறை சொல்லாமல் ரசித்துப் படித்த அச்சுத்தாள் ஒன்றே ஒன்றுதான். கல்யாணப் பத்திரிகை. இன்னாரின் பேரனும், இன்னாரின் மகனுமான என்று தாத்தாவில் தொடங்கி மாப்பிள்ளையில் வந்து முடிகிறது அல்லவா, அதைப் படித்துவிட்டு, “இத முதமுதல்ல எழுதுனவன் ஒழுங்கான ஆளு” என்பார். கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

நானோ நேர் எதிர். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே வைக்கப்படவில்லை. படம் பார்த்துவிட்டு வந்தால் கடைசி சீனிலிருந்துதான் கதை சொல்வேன். என் வீட்டுக்காரர் அந்தோணி திரேஸ்புரத்தில் ஐஸ் ஃபேக்டரி நடத்துகிறார். படகுகளுக்கு ஐஸ் கொடுப்பதுதான் தொழில். ஃபோனில் நான் “ஹலோ”கூடச் சொல்வதில்லை என்று அவருக்கு எப்போதும் ஒரு குறை. இப்படிப்பட்ட என்னையும் முதல்ல சாரையும் ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார வைத்தது யாருடைய யோசனை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் கண்டெய்னர் பெட்டிகளை எந்த கிரேன் எடுத்து எங்கே வைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதற்கென்றே ஒரு மொழி இருக்கிறது. நங்கூரம் என்று பெயர். அந்த மொழியில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று சொல்லும் சட்டப் புத்தகம் ஒன்று உண்டு. அதை ஸ்டாண்டர்ட் என்போம். பல கம்பெனிகள் அதைப் பார்த்துத்தான் மென்பொருள் செய்கின்றன. அதில் குழப்பம் வந்தால், ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பெட்டியை லாரியில் வைக்கும். இன்னொரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அதே வரியைப் படித்துவிட்டுக் கடலில் வைக்கும். அந்தப் புத்தகத்தைப் பராமரிப்பது எங்கள் ஆபீஸ். தொகுப்பாசிரியர் முதல்ல சார். அவருக்குத் துணை நான்.

புத்தகம் இருந்த லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவர் வருவதற்கு முன்னால் இருந்தவர்கள், புதிதாக ஒரு பிரிவு எழுதினால் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே செருகியிருந்தார்கள். ‘பெட்டி கடலில் விழுந்தால் செய்ய வேண்டியவை’ என்பதுதான் முதல் பிரிவு. கிரேன் என்றால் என்ன என்பது முக்கால்வாசி தாண்டித்தான் வரும். கூட்டல் கழித்தல் பின்னிணைப்பில் கிடந்தது. சமையலறைக்குள் போகக் குளியலறை வழியாக நடக்க வேண்டிய வீடு மாதிரி இருக்கும். முதல்ல சார் வந்த நாளிலிருந்து அதை மாற்றி அடுக்க அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தார். மேனேஜரோ, “ஓடுத வண்டியில எதுக்கு சார் கைய வைக்கணும்” என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

அப்போதுதான் அந்த மெயில் வந்தது. ஸ்டாண்டர்டைப் பரிசீலிக்கும் குழு எழுதியிருந்தது. ‘நீங்கள் சொல்லியிருப்பதில் தவறில்லை. சொல்லியிருக்கும் வரிசையில்தான் யாருக்கும் எதுவும் புரியவில்லை. பொருள் கொஞ்சமும் மாறாமல் பிரிவுகளை வரிசைப்படுத்தி, வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குள் தாருங்கள்.’ அதற்குக் கீழே எங்கள் ஹெட் ஆபீஸ் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தது. வெள்ளிக்கிழமை இது தேறாவிட்டால் தூத்துக்குடி ஆபீஸை மூடிவிட்டு எல்லாரையும் சென்னைக்கு மாற்றிவிடுவார்களாம்.

சென்னைக்கு நான் போகலாம். ஐஸ் ஃபேக்டரி வருமா? மகள் ஏழாவது படிக்கிறாள். அவள் யாரோடு இருப்பாள்? வீட்டில் அந்தோணியிடம் சொன்னேன். “வேலைய விட்டுராத. நீ அங்கன ஹாஸ்டல்ல இருந்துட்டு வாரத்துக்கு ஒருக்க ரயில்ல வந்துட்டுப் போ, பாத்துக்கிடலாம்” என்றார். பிறகு சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த மெயிலைப் படித்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் முதல்ல சார்தான். திங்கட்கிழமை காலையில் ஹாலில் இருந்த மேசை நாற்காலி எல்லாவற்றையும் வராந்தாவுக்குத் தள்ளச் சொன்னார். ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியாக அச்சடித்து, பின் அடித்து, தரையில் வரிசையாகப் பரப்பினார். வாசல் பக்கம் புத்தகத்தின் தொடக்கம், சன்னல் பக்கம் முடிவு. என்னைத் திரேஸ்புரத்துக்கு அனுப்பி வலை நூல் வாங்கிவரச் சொன்னார்.

“சாளை வலையா, இறால் வலையா?” என்று கேட்டார் கடை அண்ணாச்சி.

“புத்தகத்துக்கு அண்ணாச்சி.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இருந்ததிலேயே கெட்டியான நீல நைலான் நூலை எடுத்துக் கொடுத்தார்.

நூலுக்கு விதி எளிமையானது. ஒரு பிரிவில் ஒரு சொல் வருகிறது. அந்தச் சொல்லுக்கு விளக்கம் இன்னொரு பிரிவில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் கட்டி, விளக்கம் இருக்கும் பக்கத்தில் முடிச்சுப் போட வேண்டும். “முடிச்சு எல்லாம் வாசப்பக்கம் வரணும்” என்றார் முதல்ல சார். “சன்னல் பக்கம் ஒத்த முடிச்சு இருந்தாலும், ஒரு சொல்ல வெளக்காம சொல்லிட்டோம்னு அர்த்தம். அப்படி ஒரு முடிச்சு இருக்க வரைக்கும் இந்தப் புத்தகம் என் கையவிட்டுப் போகாது.”

அன்று மாலைக்குள் எங்கள் ஹாலுக்குள் ஒரு பூனைகூட நிம்மதியாக நடக்க முடியாது என்ற நிலை. எல்லாரும் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தோம். மேனேஜர் தன் அறைக்குப் போக வழியில்லாமல் ஒரு நூலை அவிழ்த்துவிட்டு உள்ளே போனார். நல்ல மனிதர்தான், திரும்பக் கட்டவும் செய்தார். ஆனால் வேறு பிரிவில் கட்டிவிட்டார். விளைவாக, பெட்டி கடலில் விழுந்தால் என்ன செய்வது என்பதைப் புரிந்துகொள்ள நன்றியுரையை முதலில் படித்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. முதல்ல சார் அரை நாள் போராடி நன்றியுரையைப் புத்தகத்தின் முன்னால் கொண்டுவந்து, அதற்காக வேறு பல பிரிவுகளைப் பெயர்த்து, வேர்த்து விறுவிறுத்து நின்றபோது மேனேஜர் மெதுவாக வந்தார்.

“சார், அது நான் கட்டுன முடிச்சு.”

முதல்ல சார் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மேனேஜர் அதற்குப் பிறகு சன்னல் வழியாகத்தான் தன் அறைக்குப் போய்வந்தார்.

எப்படியோ புதன்கிழமை மாலைக்குள் முடிச்செல்லாம் வாசல் பக்கம் திரும்பிவிட்டது. ஒன்றைத் தவிர. அங்கேதான் வந்தது வினை.

‘பெட்டி’ என்று ஒரு பிரிவு. பெட்டி என்பது ஓர் இடத்தில் வைக்கப்படுவது என்று அதில் இருந்தது. ‘இடம்’ என்று ஒரு பிரிவு. இடம் என்பது ஒரு பெட்டியை வைக்கக்கூடியது என்று அதில் இருந்தது. பெட்டியை முன்னால் வைத்தால் இடம் சன்னல் பக்கம் போகிறது. இடத்தை முன்னால் வைத்தால் பெட்டி போகிறது. முதல்ல சார் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஆபீஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பெட்டி இல்லாமல் துறைமுகத்துக்கு என்ன வேலை என்றது பெட்டிக் கட்சி. இடம் இல்லாவிட்டால் பெட்டியைத் தலையிலா வைப்பாய் என்றது இடக் கட்சி. பெட்டிக் கட்சிக்காரர் ஒருவர் கோபத்தில் தன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கே போய்விட்டார்.

வியாழக்கிழமை முதல்ல சார் அந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிட வரவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

“சார், ‘இடம் பற்றிப் பின்னால் காண்க’ன்னு ஒரு வரி போட்டுருவோம். எல்லாப் புத்தகத்துலயும் போடுததுதான?”

“பின்னால காண்கன்னு எழுதுததும், பொறவு பாக்கலாம்னு கவர்மெண்ட் ஆபீஸ்ல சொல்லுததும் ஒண்ணுதான் ரோஸ்லின். ஒருத்தனும் பாக்க மாட்டான்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “நாளைக்கு வெள்ளிக்கிழமை சார். உங்க ஒழுங்குனால எங்குடும்பம் ரெண்டாப் போகப் போவுது. அது தெரியுதா உங்களுக்கு?” என்று கத்தியே விட்டேன். அவரோ தலையைக் குனிந்து இடத்தையும் பெட்டியையும் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர்மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

நான் வராந்தாவுக்கு வந்து நின்றேன். அப்போது என் ஃபோன் அடித்தது. ஐஸ் ஃபேக்டரியிலிருந்து. அமோனியா குழாய் கசிந்துவிட்டது, வால்வை மூட உள்ளே போன அந்தோணி அண்ணனுக்கு மூச்சு முட்டுகிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம் என்றார்கள். ஹால் வாசலில் போய் நின்றேன்.

“சார், அவருக்கு மூச்சு முட்டுதாம்.”

அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. முதல்ல சார் எழுந்தார். யாரையும் மிதிக்க விடாமல் காவல் காத்த அந்த நூல் காட்டுக்குள் நேராக நடந்து வந்தார். முடிச்சுகள் பிய்ந்தன, பிரிவுகள் பறந்தன. மேனேஜரின் மேசையிலிருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தார். “ஏறு” என்றார் என்னிடம். எங்கே போக வேண்டும் என்றுகூடக் கேட்காமல் வண்டியைக் கிளப்பிவிட்டார். தெருமுனை வந்த பிறகுதான் “எங்கன?” என்று கேட்டார். “ஆஸ்பத்திரி” என்றேன். திருப்பினார்.

அங்கே அந்தோணி முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மாஸ்க்கைத் தூக்கினார். “ஏளா, நீ ஏன் வந்த? நாளைக்கு உங்களுக்குக் கெடுலா?” டாக்டர் அவரை அதட்டி மாஸ்க்கை மறுபடி மாட்டினார். வால்வைச் சீக்கிரம் மூடிவிட்டதால் அதிகம் உள்ளே போகவில்லை, பயப்பட ஒன்றுமில்லை, சாயங்காலம்வரை பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம் என்றார். வால்வை மூட வேறு ஆளா இல்லை என்று அந்தோணியை நன்றாகத் திட்டினேன். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்போது வாசலில் ஒரு நர்ஸ், “சார், உங்க கால்ல என்ன?” என்று கேட்பது காதில் விழுந்தது. முதல்ல சார் நின்றுகொண்டிருந்தார். கணுக்காலில் நீல நூல் சுற்றியிருந்தது. அதன் மறு முனையில், பாதி கிழிந்து, ரோட்டுப் புழுதியோடு, ‘பெட்டி’ பிரிவு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

“ரோஸ்லின், ஹால் வாசல்ல வந்து நின்னு நீ என்ன சொன்ன?”

“அவருக்கு மூச்சு முட்டுதாம்னு சொன்னேன்.”

“எவருக்குன்னு சொன்னியா?”

“இல்ல சார்.”

“எங்கன, எப்படின்னு?”

“அந்த நேரத்துல எப்படி சார்…”

“நான் கேட்டனா?”

யோசித்துப் பார்த்தேன். “கேக்கல.”

“கேக்காம கிளம்பிட்டேன்லா. போவதுக்கு அந்த ஒரு வரி போதுமா இருந்துச்சு. மீதி முனையில தெரிஞ்சுக்கிட்டேன்.”

சொல்லிக்கொண்டே நர்ஸிடம் ஒரு காகிதம் வாங்கி, சுவரில் வைத்து எழுதினார். எல்லாப் பிரிவுகளுக்கும் முன்னால் போட ஒரு சின்னப் பிரிவு. ‘பெட்டி என்று ஒன்று உண்டு. இடம் என்று ஒன்று உண்டு. பெட்டி இடத்தில் இருக்கும்.’ பெட்டி முதலா, இடம் முதலா என்ற சண்டையே இல்லை. இரண்டு முடிச்சும் இனி இந்தச் சின்னப் பிரிவில், வாசல் பக்கம். பொருளும் மாறவில்லை.

அந்தோணி மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டார். “இதுக்கா இத்தன நாளா நூல் கட்டிக்கிட்டு இருந்தீங்க?”

“நீங்க மூச்ச இழுத்து விடுங்க” என்றார் முதல்ல சார்.

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் இருக்கிறேன் என்று சொன்ன என்னை அந்தோணியே ஆபீஸில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பிய்ந்த நூல்களை எல்லாம் முதல்ல சார் விடிந்ததிலிருந்து மறுபடி கட்டி வைத்திருந்தார். புதிய வரிசையைக் காலையிலேயே குழுவுக்கு அனுப்பினோம். மதியம் வீடியோவில் கூட்டம். குழுத் தலைவி ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்து பேசினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஓர் இடத்தில்கூடத் திரும்பிப் போய்ப் பார்க்காமல் படித்ததாகச் சொன்னார். ஏற்றுக்கொள்கிறோம் என்றார். திரை அணைந்ததும் எங்கள் மேனேஜர் கத்தரியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் புகுந்து, அகப்பட்ட நூலை எல்லாம் வெட்டித் தள்ளினார். பெட்டிக் கட்சியும் இடக் கட்சியும் கட்டிப்பிடித்துக்கொண்டன. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள், வீடு, ஐஸ் ஃபேக்டரி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கப் போகின்றன என்பது உடம்பில் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சந்தோஷத்தில் மேனேஜருக்கு வாய் நிற்கவில்லை. “நல்ல ஆளு சார் நீங்க. ஆபீஸ மூடுனா சென்னையில உங்களுக்குத் தலைமைத் தொகுப்பாசிரியர் வேலை, கம்பெனி வீடுன்னு எல்லாம் எழுதி, அன்னைக்கே உங்ககிட்ட சொல்லவும் செஞ்சாங்க. இப்ப அதுவும் போச்சு.”

முந்தின நாள் நான் அவரைப் பார்த்துக் கத்தியது நினைவுக்கு வந்தது. “ஏன் சார்? உங்களுக்கு அது வேண்டாமா?” என்றேன்.

முதல்ல சார் சட்டையில் ஒட்டியிருந்த நூல் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“முதல்ல, ஐஸ் ஃபேக்டரின்னா என்னன்னு பாத்தா, அது ஒரு கட்டடம். கட்டடம்னா இருந்த இடத்தவிட்டு நகராது. அதுக்குள்ள ஒரு ஆளு வேலை பாக்காரு. அந்த ஆளுக்கு ஒரு பொண்டாட்டி உண்டு…”

நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை முழுவதையும் கேட்டேன்.